பச்சைத் தண்ணீர்

சங்கரன்கோவில் ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழுவதற்கு முன்னால், அதை நிறுத்தித் தெளியவைக்க ஒரு குளம் வெட்டியிருந்தார்கள். வேதியியல் படித்துவிட்டு சைக்கிளும் கையுமாக அலைந்த எனக்கு, அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதிக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. என் சட்டையை வீட்டில் தனியாகத்தான் துவைத்தார்கள். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தக் குளத்துக்கு மோட்டார் இல்லை, மிஷின் இல்லை. வெயிலும் பாசியும் மட்டும்! வெயிலில் பாசி பிராணவாயுவை விடும். அதைக் கொண்டு பிழைக்கும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்றுவிடும். குளம் பச்சையாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அகப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து இதைச் சொல்வேன்.

ஆற்றில் சற்றுக் கீழே அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். அங்கே கிணறெல்லாம் உப்பு. ஆறு வறண்டால், குளத்திலிருந்து வரும் தண்ணீர்தான் மணலுக்குள் ஓடும். பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி அதைத்தான் மொண்டு போவார்கள். அக்கா மகன், கைக்குழந்தை, அப்போதுதான் வயிற்றுப்போக்கிலிருந்து தேறியிருந்தான்.

கோவில் திருவிழாவான ஆடித்தபசு நெருங்கியது. காய்ச்சலில் படுத்து எழுந்து வேலைக்குப் போனால், குளத்தின் பச்சையைக் காணோம். மூக்கைப் பொசுக்கும் நெடி.

"பாத்தீரா தம்பி, கண்ணாடி!" என்றார் குளத்து மேஸ்திரி.

"பாசி எங்க அண்ணாச்சி?"

"வழிச்சு எறிஞ்சாச்சு. மிச்சத்துக்கு பிளீச்சிங் பவுடர மூடை மூடையாத் தட்டியாச்சு. தபசுக்கு ஊரே திரண்டு வருது. இந்த அசிங்கத்தப் பாத்தா என்னையல்லா காறித் துப்புவான்?"

"அதுதான் அண்ணாச்சி குளத்துக்கு மூச்சு!"

"மூச்சா? நாத்தத்துல நமக்குல்லா மூச்சு முட்டுது!"

கோபப்படவும் முடியவில்லை. பவுடர் பட்டு அவர் கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்த சுத்தத்தை அவர் மனதாரச் செய்திருந்தார்.

பவுடரின் வீரியம் போன பின், தபசுக் கூட்டத்தின் கழிவு மொத்தமும், அதைத் தின்ன ஓர் உயிரும் மிஞ்சாத அந்தச் செத்த குளத்தில் இறங்கியது. இறங்கியது அப்படியே மறுபக்கம் ஆற்றுக்குப் போயிற்று. சைக்கிளை மிதித்தேன்.

ஆற்றில் அக்கா ஊற்றோரம் குனிந்து மொண்டுகொண்டிருந்தாள். கரையிலிருந்தே கத்தினேன்: "யாரும் பச்சத் தண்ணி குடியாதீங்க! காய்ச்சித்தான் குடிக்கணும்!"

"பச்சையா?" ஒருத்தி நிமிர்ந்தாள். "முந்தியில்லா பச்சையாக் கெடந்துச்சு. இப்பந்தான் பச்ச போயி பளிங்கு கணக்கா வருது!"

"படிச்சுப் படிச்சுக் கண்ணு அவிஞ்சு போச்சு போல மக்கா!" என்றாள் இன்னொருத்தி. ஆற்றுமணல் முழுக்கச் சிரிப்பு.

காய்ச்சாத தண்ணீரை நான் சொன்னேன். அவர்கள் காதில் அது நிறமாக விழுந்தது. குளம் எப்போது பச்சையாக இருந்ததோ அப்போதுதான் தண்ணீர் நன்றாக இருந்தது என்று மூச்சு வாங்கச் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு கூடியதுதான் மிச்சம்.

அக்கா மட்டும் என் முகத்தையே பார்த்தாள்.

"மெய்யாவாலே?"

"மெய்யாத்தாங்கா."

"தெனமும் காய்ச்ச வெறகுக்கு எங்கலே போவேன்?" என்றபடியே குடத்தைக் கவிழ்த்தாள். மற்றவர்கள் குடங்களை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பேசிச் சிரித்தபடி கரையேறினார்கள். ஒருத்தி, இடுப்பின் மறுபுறம் அழுத பிள்ளைக்கு, குடத்திலிருந்து ஒரு கை மொண்டு புகட்டினாள்.