பெருங்காயம் இல்லாத சாம்பார்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டபின், மறுநாள் அப்பாவின் நினைவு நாள் படையலுக்கு மளிகை வாங்கி வந்தேன். கடைக்காரர் பெருங்காயத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தார். அந்த வாசனையில் ரஹீம் பாய் நினைவுக்கு வந்தார்.

அவர் காபூல்காரர். வருஷந்தோறும் பெருங்காயம் விற்கக் கள்ளக்குறிச்சி வருவார். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ரஷ்யப் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தபோது, கம்யூனிஸ்ட் கட்சிக்காரரான அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

அடுத்த முறை வந்த பாய், இலை முன் உட்கார்ந்து கேட்டார்: "மிட்டாய் குடுத்தீங்களாமே, அண்ணே?"

"ஏழைங்களுக்காகத்தான் வந்துகிறாங்க, பாய்."

"எந்தம்பியும் ஏழைதான். சுட்டுட்டாங்க."

சாம்பாரைத் தொடாமல் எழுந்து போனவர் திரும்பி வரவேயில்லை. அதன்பிறகு சாகும்வரை, பெருங்காயம் போட்ட எதையும் அப்பா சாப்பிடவில்லை.

படையலன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அந்தப் பெருங்காயப் பொட்டலத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்தேன்.