மருத்துவருக்கு நான் சொன்ன பதில்

வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை, ஆங்கிலம் மட்டும். பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் ஆங்கிலப் பரீட்சையில் அவர்கள் கேட்ட புள்ளி வரவில்லை. முதலில் லண்டனில் ஒரு கல்லூரியில் மூன்று மாதத் தீவிர வகுப்பை முடித்துவிட்டு வா என்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லூயிஷாமில் அண்ணை வீட்டில் தங்கினேன். அங்கிருந்து ரயிலில் போய்வந்தேன்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் மங்கோலியாக்காரி. முப்பத்தெட்டு வயது. ஊரில் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்தவர். நல்ல ஆங்கிலம் இருந்தால் தலைநகரத்தில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் வேலை எடுக்கலாம் என்று, கணவரை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். முதல் நாள் அவர் பெயரை மூன்று தரம் பிழையாகச் சொன்னேன். நான்காம் தரம் "அக்கா" என்றேன். அர்த்தம் கேட்டார். மூத்த சகோதரி என்று விளக்கினேன். தலையாட்டி ஏற்றுக்கொண்டார். அதன்பிறகு வகுப்பிலிருந்த பிரேசில்காரப் பையன்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டான்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம் மட்டும்தான். இங்கே அவருடைய பேச்சு என்று நான் எழுதுவதெல்லாம் அந்த ஆங்கிலத்தின் தமிழ். "இன்று குளிர். நேற்று குறைவு குளிர்." "என் கணவர் நல்ல ஆள். பேச்சு இல்லை." இப்படித்தான் கதைப்போம். அண்ணி கட்டித் தந்த கத்தரிக்காய்க் கறியைப் பாண் துண்டுகளுக்கு நடுவில் வைத்துச் சாப்பிடுவார். உறைப்பில் கண்ணீர் வடியும். ஆனாலும் விடமாட்டார். வகுப்பில் அவர் வாய் திறப்பது குறைவு. ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் கதை வேறெங்கோ போய்விடும். அவர் கொஞ்சம் மந்தமான ஆள் என்று நான் நினைத்திருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

நான் வகுப்பில் கெட்டிக்காரி. மருத்துவரிடம் போவதை நடித்துக் காட்டும் பயிற்சியில் ஆசிரியை என்னைத்தான் நோயாளியாக நிறுத்தினார். தலையிடி, காய்ச்சல், ஒவ்வாமை என்று எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். ஆசிரியை கை தட்டினார்.

ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை இடைவேளையில், அக்கா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளாக வலி என்றார். அவர் பதிந்திருந்த கிளினிக்குக்கு நானே அழைப்பு எடுத்தேன். மத்தியானம் மருத்துவர் திருப்பிக் கூப்பிட்டார். ஆளில்லாத ஒரு வகுப்பறையில் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டோம்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று மருத்துவர் முதலிலேயே கேட்டார். வேண்டுமானால் நாளைக்கு ஒரு நேரம் ஒழுங்கு செய்யலாம் என்றார்.

"தேவையில்லை. நான் சிநேகிதி. நான் உதவி செய்வேன்" என்றேன்.

கேள்விகள் வேகமாக வந்தன. வாந்தியா, இல்லை. காய்ச்சலா, இல்லை. எங்கே வலி, அக்கா தொட்டுக் காட்ட நான் சொன்னேன். பிறகு மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான், எக்ஸ்பெக்டிங். எதிர்பார்ப்பது என்று அதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தோம். கடிதத்தை எதிர்பார்க்கிறேன், விருந்தாளியை எதிர்பார்க்கிறேன். வீட்டில் பார்த்துக்கொள்ள யாராவது வருகிறார்களா என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

"உங்களிடம் யாராவது வருகிறார்களா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"இல்லை. ஒருவரும் வருவதில்லை" என்றார்.

நான் போனைப் பார்த்துக் குனிந்து, இல்லை, எக்ஸ்பெக்டிங் இல்லை என்று சொன்னேன். தெளிவாக, உச்சரிப்புப் பிசகாமல் சொன்னேன்.

வயிற்றுக் கோளாறாக இருக்கலாம், நிறையத் தண்ணீர் குடித்து, பாரசிட்டமோல் போட்டுப் பார்க்கட்டும், கூடினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும் என்றார் மருத்துவர். அதை நான் சரியாகவே சொல்லிக்கொடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

மறுநாள் அவருக்குத் தோள்மூட்டில் வலி. பையின் பாரம் என்று நினைத்து அவர் பையை நான் தூக்கிக்கொண்டேன். வயிறு எப்படி என்று கேட்டதற்கு "ஃபைன்" என்றார். எப்படி இருக்கிறாய் என்றால் அப்படிச் சொல்லத்தான் எங்கள் எல்லோருக்கும் பழக்கியிருந்தார்கள்.

வியாழக்கிழமை, கேட்டு எழுதும் பயிற்சியின் நடுவில், அக்கா கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். முகம் கடதாசி மாதிரி வெளுத்திருந்தது. ஆசிரியை ஓடிவந்து தலையைத் தூக்கினார். பிரேசில்காரப் பையன் அம்புலன்ஸுக்கு அடித்தான். ஒலிப்பதிவை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு ஆணும் பெண்ணும் விடுமுறைப் பயணத்தைப் பற்றி உற்சாகமாகக் கதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்கே சத்திர சிகிச்சை செய்தார்கள். அடுத்த நாள் பார்க்கப் போனபோது கட்டிலருகே ஒரு மருத்துவர் நின்றார். மேசையில் ஒரு போன். அதற்குள்ளிருந்து ஒரு பெண் மங்கோலிய மொழியில் பேசிக்கொண்டிருந்தார். நான் வெளியே போகத் திரும்பினேன். அக்கா கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

அக்கா தன் மொழியில் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். என்ன வேகம்! அந்தச் சோர்விலும் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. குறுக்கே கேள்வி கேட்டார். திருத்தினார். ஒரு இடத்தில் மருத்துவரையே நிறுத்தி, மறுபடி விளக்கச் சொன்னார். முப்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கக்கூடிய ஆசிரியை அந்தக் கட்டிலில் கிடந்தார். ஐந்து வாரம் பக்கத்தில் இருந்தும் நான் அந்த ஆளைச் சந்தித்திருக்கவில்லை.

மருத்துவரின் ஆங்கிலத்திலிருந்தும் போனில் வந்த ஆங்கிலத்திலிருந்தும் விஷயம் விளங்கியது. கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருக்கிறது. குழாய் வெடித்துவிட்டது. தோள்மூட்டு வலியும் உள்ளே கசிந்த இரத்தத்தால்தான். அதை எடுத்துவிட்டார்கள். மற்றக் குழாயும் நல்ல நிலையில் இல்லை. பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைக்காகக் காத்திருந்தவர் அக்கா. நாள் தள்ளிப்போனதை வயதென்றும் பயணமென்றும் நினைத்திருக்கிறார்.

"செவ்வாய்க்கிழமை மருத்துவர், நீங்கள் கர்ப்பமாக இருக்கலாமா என்று கேட்கவில்லையா?" என்று இந்த மருத்துவர் கேட்டார்.

அக்கா பதில் சொன்னார். போனிலிருந்த பெண் அதை ஆங்கிலத்தில் சொன்னார்: "இல்லையாம். வீட்டுக்கு யாராவது வருகிறார்களா என்றுதான் கேட்டாராம்."

மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். எக்ஸ்பெக்டிங் என்றால் கர்ப்பமாயிருப்பது என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறது என்பது அந்தக் கணத்தில், ஒருவரும் சொல்லாமலே எனக்கு விளங்கிற்று.

"அந்த மருத்துவர், எக்ஸ்பெக்டிங்கா என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்" என்றேன்.

மருத்துவர் என்னை ஏசவில்லை. மொழிபெயர்ப்பாளரை வைத்திருக்கவேண்டும், அது உங்கள் வேலை இல்லை என்றார். இரண்டு நாள் முந்திக் கண்டிருந்தால் குழாய் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது. தப்பியிருக்கவும் கூடும்" என்றார். நான் சொன்னதையும் அவர் சொன்னதையும் போனிலிருந்த பெண் ஒன்றும் விடாமல் அக்காவுக்குச் சொன்னார். அது அவருடைய தொழில். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்.

"அவர் நித்திரை கொள்ளவேண்டுமாம்" என்றது போன்.

வீட்டுக்கு வந்து குசினியில் நின்றே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நீ வேணுமெண்டு செய்யேல்லைத்தானே. அழாதை" என்றார் அண்ணை.

"எப்பிடியும் அந்தப் பிள்ளை தங்கியிராது" என்றார் அண்ணி. "டொக்டர்மார் அப்பிடித்தானே சொன்னவை?"

"ஓம் அண்ணி. ஆனா குழாய் தப்பியிருக்கும்."

"அது ஒருத்தருக்கும் தெரியாது."

"மொழிபெயர்க்க ஆள் வேணுமோ எண்டு டொக்டர் முதலே கேட்டவர். நான்தான் வேண்டாமெண்டனான்."

அண்ணி சோறு போட்டுத் தந்தார்.

அக்கா வகுப்புக்குத் திரும்பவில்லை. வரவு குறைந்துவிட்டது என்று கல்லூரியிலிருந்து அவருக்குக் கடிதம் போனதாகக் கேள்விப்பட்டேன். நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து, காகிதங்களில் கையெழுத்து வைக்க அலுவலகத்துக்கு வந்தவரை நடைவழியில் கண்டேன். மெலிந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு விமானம் என்றார்.

"அக்கா, என்னை மன்னியுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். ஆங்கிலம் வரவில்லை.

அவர் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றார். மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டுகிறார் என்று தெரிந்தது. இந்தமுறை நான் அவசரப்படுத்தவில்லை.

"விளங்கவில்லை என்று நீ சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஆங்கிலத்தில் அது பிழையில்லாத வாக்கியம். கோபமாகச் சொல்லவில்லை. பிழைவிட்ட கணக்கில் எந்த வரியில் பிழை என்று மாணவிக்குக் காட்டுவதுபோல் சொன்னார். என் தோளைத் தொடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. படியிறங்கிப் போனார்.

பரீட்சையில் எனக்கு வேண்டிய புள்ளி வந்தது. பல்கலைக்கழகமும் முடிந்தது. இப்போது ஆங்கிலத்தில்தான் வேலை செய்கிறேன். போன மாதம் கோயில் மண்டபத்தில், அண்ணியின் சிநேகிதி ஒருவர் போனை என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, டொக்டர் இப்ப எடுப்பார். எனக்கு நெஞ்சுக்குள்ளை ஒரு மாதிரிக் கிடக்குது. நீ ஒருக்காக் கதைச்சுவிடன்."

"என்னாலை ஏலாது அன்ரி. தமிழிலை மொழிபெயர்க்க ஆள் வேணுமெண்டு கேளுங்கோ, தருவினம். அதுமட்டும் நான் சொல்லிவிடுறன்."

"ரெண்டு வசனம்தானே."

"ஏலாது அன்ரி."

அவர் நீட்டிய போனைத் திரும்ப இழுத்துக்கொண்டார். இன்னொரு பெண்ணிடம் போய், "படிச்ச திமிர்" என்று என் காதில் விழும்படியே சொன்னார். போன் அடித்தது. மற்றப் பெண் அதை வாங்கி, ஹலோ என்றாள்.