செங்கேணி வீட்டு வெயில்

மழை தூறினால் செங்கேணிக்கு முதல் வேலை அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான். வீட்டு நடுவில், கூரையில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதற்கு நேர் கீழே சட்டியை வைத்துவிட்டுச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டபடி வெங்காயம் உரிப்பாள். இத்தனைக்கும் அவள் புருஷன் வேதகிரி காவாந்தண்டலம் வட்டாரத்திலேயே பேர்போன கூரைக்காரன். ஓலைக்கட்டு வாசலிலேயே கிடக்கிறது. இவள் அடைக்கவிட்டால்தானே!

பக்கத்து வீட்டுச் சிட்டம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. “ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில வுழுந்தாப்பல கீது உங்க கதை” என்பாள். “உனுக்கின்னாமே, உன் வூட்லயா ஒழுவுது?” என்று செங்கேணி சிரிப்பாள். இரண்டு பேரும் ஒரு காலத்தில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

எல்லாம் ஐம்பத்தேழில் வந்த விஷஜுரம் செய்த வேலை. மெட்ராஸிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் வந்த காய்ச்சல் இந்த ஊருக்குள்ளும் நுழைந்தது. வேதகிரி படுத்துவிட்டான். சைக்கிளில் வந்த சுகாதாரக்காரர், அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வெளியே வரக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். செங்கேணியோ விடியுமுன் கழனிக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவள். கல்யாணமாகி வந்த நாளாய்த் தன் வீட்டை நடுப்பகலில் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பார்க்கப் பார்க்க அதிசயமாக இருந்தது. எறும்பு எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது, அணில் எப்போது வந்து எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று எல்லாவற்றையும் பார்த்தாள். கோழி விறகுக்குப் பின்னால் போய் முட்டையிடுவதையும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். சிட்டம்மாள்தான் முட்டை திருடுகிறாள் என்று தெருவே கேட்க ஏசியிருந்தாள், பாவி. அந்தச் சிட்டம்மாள்தான் இப்போது தினமும் கேழ்வரகுக் கூழை வாசற்படியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று குரல் கொடுக்கிறாள். “கூழு வெச்சிகீறேன், எட்த்துக்கோ! அண்ணன் எப்டி கீறாரு?”

செங்கேணி விறகுக்குப் பின்னால் கிடந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்தாள். மறுநாள் படியில் முட்டைகளை வைத்தாள். “எல்லாம் எங்கூட்டுக் கோளி பண்ண திருட்டுமே. மனசுல வெச்சிக்காத” என்றாள். “அத்த வுடு, அவர எழுப்பு மொதல்ல” என்றாள் சிட்டம்மாள்.

அவன்தான் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் வாயோரம் வழிந்தது. அடுத்த தெருவிலிருந்து ஒப்பாரிச் சத்தம் வந்தது. இவன் பிழைப்பானா என்று கேட்க ஒரு வைத்தியர்கூட இல்லாமல், ஓட்டை வழியே விழும் வெயிலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். காலையில் அது சுவரில் இருக்கும். நகர்ந்து நகர்ந்து உச்சிவேளையில் அவன் பாய்க்கு வரும். “வந்துட்டியா, வா” என்று அதை வரவேற்பாள். “நம்ம வூட்டுக்கும் சூரியன் வந்துகினுதான்யா கீது. நாமதான் பாக்கல” என்று அவன் காதில் சொல்வாள்.

ஒருநாள் அந்த வெயில் அவன் பாதத்தில் ஏறியது. விரல்கள் அசைந்தன. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான்.

“சுடுதுமே” என்றான்.

“அட என் ராசா!” என்று அலறியவள், அழுகையும் சிரிப்புமாக அந்தக் காலைக் கட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த ஓட்டையை அவள் யாரையும் தொடவிட்டதில்லை. இந்தச் சித்திரையில் வேதகிரி அவள் பேச்சைக் கேட்கவில்லை. “ஓலையெல்லாம் மக்கிப் போச்சி, கூரை தலையில வுழும்” என்று ஏணி போட்டு ஏறிவிட்டான். அவன் சொல்வது நியாயம்தான். செங்கேணி உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தாள். ஓலைகள் உரசின. வெளிச்சம் ஒடுங்கி, நின்றே போனது. அவளுக்கு அழுகை முட்டியது.

கொஞ்ச நேரம் கழித்துப் புது ஓலை விலகியது. வேதகிரியின் கை உள்ளே நீண்டு ஆடியது.

“இன்னாமே, இம்மாத்தம் போதுமா?”

கை போனதும் வெயில் தரையில் விழுந்தது. செங்கேணி காலை நீட்டி அதில் வைத்தாள்.

“சுடுதுய்யா!” என்று மேலே பார்த்துக் கத்தினாள். காலை எடுக்கவில்லை.