கறுப்பு வெள்ளைக் கடல்

பல்கலைக்கழகக் கண்காட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடல் நாவலொன்றுக்காகக் கறுப்பு, வெள்ளைக் குவாஷ் வர்ணத்தால் மட்டும் தீட்டிய ஓவியத்தின் முன் நின்றேன். இரண்டே நிறம், ஆனாலும் புயல் இரைந்தது.

எங்கள் கடற்கரை ஊரான நாயாற்றில், பத்து வயதில், இப்படியொரு படமுள்ள கதைப்புத்தகத்தை அப்பாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்தறிந்தவள் நான் மட்டும். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா படத்தை எட்டிப் பார்த்தார்.

“உந்தக் கப்பல் உடையப்போகுது, பிள்ளை.”

“எழுத்துத் தெரியாத உங்களுக்குக் கதை தெரியுமோ?”

“முன்னால வெள்ளையாய் நுரைக்குது பார். அதுக்குக் கீழ கல்லுக் கிடக்கு.”

சிரித்துக்கொண்டே பக்கம் புரட்டினேன். கப்பல் பாறையில் மோதி உடைந்தது. எழுத்தில்லாமலே வாசித்துவிட்டாரே!

அப்பா வலையைக் கீழே போட்டார். “ஐயோ, சனம் தப்பிச்சுதோ? கெதியா வாசி, பிள்ளை.”

படத்தில் அது இல்லை. நான் வாசித்தேன்.