பிணை நின்ற அக்கா

செயின்ட்-மிஷேலில் ஒரு பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் சமையல் வேலை றோஸ்மேரிக்கு. வீடு லவாலில். புருசன் செத்து, மகளும் கல்யாணம் கட்டி ஒட்டாவாவுக்குப் போன பிறகு தனியாகத்தான் இருந்தாள். போன மாரியில் அவளுடைய தம்பி ஜெராட், தன் மனைவி துஷாந்தினியின் கையை முறித்து, கழுத்தையும் நெரித்துப் பொலிசில் பிடிபட்டான்.

"பொறுப்பெடுக்க ஆள் இருந்தால் பிணை கிடைக்கும்" என்றார் லோயர். தாய் செத்தபோது ஜெராட் பால்குடி. தூக்கி வளர்த்தவள், ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்குக் கூப்பிட்டவள், எல்லாம் றோஸ்மேரிதான். அவன் மறியல் கம்பிகளுக்குள் கிடக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றாள்.

"மனைவி இருக்கும் பக்கம் அவர் போனால் பொலிசுக்குச் சொல்லுவீர்களா?" நீதவான் பிரெஞ்சில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

"ஓம்" என்றாள். அந்த நேரம் அது லேசான சொல்லாக இருந்தது. ஜெராட் பிணையில் வந்து அவளுடைய வீட்டில் தங்கினான்.

ஒரு சனிக்கிழமை தமிழ்க்கடை வாசலில் பேரின்பநாதன் கையெழுத்து வாங்கிக்கொண்டு நின்றார். வன்முறை வழக்குகளில் பிணையே கொடுக்கக் கூடாது என்று ஒட்டாவாவில் இருக்கிற அரசாங்கத்துக்கு அனுப்பும் மனு. அவருடைய மகளைக் குத்திக் கொன்ற மருமகன் அப்போது பிணையில் வெளியே நின்றவன். ஊருக்கே தெரிந்த கதை.

"என்ரை தம்பியும் பிணையிலைதான் நிக்கிறான், அண்ணை. நான்தான் பொறுப்பு" என்றாள் றோஸ்மேரி.

அவர் கோபிக்கவில்லை. "அவனை நம்புறியோ பிள்ளை?"

"நான் வளர்த்த பிள்ளை அண்ணை."

"என்ரை மகளைக் கொன்றவனுக்கும் பெத்த தாய்தான் பிணை நிண்டவ."

கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்தாள். ஜெராட் சோபாவில் படுத்திருந்தான். "அவள் என்ரை பிள்ளையைப் பிரிச்சுப் போட்டாள். சும்மா விடமாட்டன்" என்று முகட்டைப் பார்த்துச் சொன்னான். முன்பும் சொன்னவன்தான். அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது.

அடுத்த கிழமை வேலையால் வந்தபோது அவனைக் காணவில்லை. குசினியில் இறைச்சி வெட்டும் கத்தியும் இல்லை. போன் அடித்தாள்.

"எங்கை நிக்கிறாய்?"

"கடைக்கு வந்தனான்."

அவன் குரலுக்குப் பின்னால் மெட்ரோ அறிவிப்பு கேட்டது: அடுத்த நிலையம் ஜோன்-தலோன். அங்கே ரயில் மாறினால் செயின்ட்-மிஷேல். துஷாந்தினி வீடு.

"தம்பி, இறங்கித் திரும்பி வா."

"நீ உன்ரை வேலையைப் பார்." போன் வெட்டுப்பட்டது.

முதலில் பொலிசுக்கு அடித்தாள், பிறகு துஷாந்தினிக்கு. "கதவைப் பூட்டு. ஆர் தட்டினாலும் திறக்காதை." செயின்ட்-மிஷேல் மெட்ரோ வாசலில் அவனை மடக்கினார்கள். கத்தி ஜக்கெற்றுக்குள் இருந்தது.

ஜெராட் திரும்பவும் பிணை கேட்டான். இந்தமுறை அரச தரப்பு றோஸ்மேரியைக் கூப்பிட்டது.

"அவனை விடாதேங்கோ" என்றாள். "விட்டால் அவளைக் கொல்லுவான். என்னாலை மறிக்கேலாது."

கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஜெராட் கத்தினான். "நீயும் ஒரு அக்காவோடி!"

பிணை மறுக்கப்பட்டது. வெளி விறாந்தையில் துஷாந்தினி நின்றாள். முறிந்த கை இன்னும் சரியாக நிமிரவில்லை.

"மச்சாள், முதல்தரம் ஏன் அவரை வெளியிலை எடுத்தனீங்கள்?"

றோஸ்மேரி அவளுடைய கையைப் பிடிக்கப் போனாள். துஷாந்தினி கையை இழுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

இப்போது சொந்தக்காரரில் பாதிப்பேர் றோஸ்மேரியோடு கதைப்பதில்லை. அவள் ஞாயிறுகளில் மறியலுக்குப் போகிறாள். ஜெராட் அவளைப் பார்க்க ஒருமுறைகூடப் பார்வையாளர் அறைக்கு வரவில்லை.