ஆசாத் கடையில் கேட்ட தண்ணித்தொட்டிப் பாட்டு

ஆசாத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் காதில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நெல் மூட்டை தூக்கிப் பிழைத்து, நாற்பத்தோராம் வயதில் சொந்தமாக ரைஸ் மில் போட்டேன். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். உத்திரமேரூரைச் சுற்றி எத்தனையோ மில் வந்தது, போனது. வீராசாமி மில் இன்றும் ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் என் காது. கண்ணை மூடி நின்றால் போதும், ரப்பர் உருளை தேய்ந்திருக்கிறதா, அரிசி நொறுங்குகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். என்ஜினியருக்குப் படித்தவர்களே என்னைக் கேட்டுத்தான் ஸ்க்ரூவைத் திருப்பியிருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட காதை அந்த மில்லின் சத்தமே தின்றுவிட்டது. எழுபது வயதை நெருங்கும்போது பாதிக்கு மேல் போய்விட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பேசுகிறவர் வாயைப் பார்த்தே சமாளித்தேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, என்னிடம் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்யும் செங்கேணி, பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுச் சிக்கியிருந்த சாக்கை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு முதுகு காட்டி நின்று மோட்டார் பட்டனை அழுத்திவிட்டேன். "போடாத, போடாத" என்று மூன்று தரம் கத்தியிருக்கிறாள். களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடி வளையல் அத்தனையும் நொறுங்கியது. கை மட்டும் முழுசாக வெளியே வந்தது.

அவள் அழவில்லை. மோட்டாரை நிறுத்தி, பட்டன் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு என் எதிரே வந்து, நான் வாயைப் பார்க்கும்படி நிறுத்திச் சொன்னாள்.

"மொதலாளி, ஒனக்குக் காது கேக்கற வரைக்கும் இந்தப் பொட்டிகிட்ட வராத. வந்தா நான் வேற மில்லப் பாத்துக்கினு போய்டுவேன்."

நான் கட்டிய மில், என் பட்டன். ஆனாலும் பெட்டியை விட்டு விலகி நின்றேன். அன்று முதல் அவள்தான் மோட்டார் போட்டாள். நான் களத்தில் குருவி ஓட்டினேன்.

காஞ்சிபுரத்தில் காது பார்க்கும் டாக்டரம்மா மெஷின் வைத்தார். "மெஷின் சத்தத்தைக் கொண்டுவந்து போடும். அதைப் பிரித்தெடுக்க நீங்கதான் மறுபடி பழகணும்" என்றார். நான் என்றைக்கு அடுத்தவர் சொன்னதைக் கேட்டேன்? வீட்டுக்கு வந்ததும் தட்டு விழுகிற சத்தம், பஸ் ஹாரன், என் வீட்டுக்காரி சொக்கம்மாள் குரல் எல்லாம் ஒரே குவியலாகக் காதில் கொட்டியது. மூன்று வாரம் பார்த்துவிட்டு, மெஷின் பழுது என்று முடிவு கட்டி, பஜார் தெருவில் ஆசாத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆசாத்துக்கு நாற்பத்தெட்டு வயது. செல்போன் ரிப்பேர் கடை. அவன் வாப்பா அஹமது பாட்சா அதே கடையில் கைக்கடிகாரம் பழுது பார்த்தார். நடுவில் கொஞ்ச காலம் ஆசாத் அங்கே ரெண்டு டிவியை வைத்து வீடியோ கேம் கடை நடத்தினான். கூட்டம் அலைமோதும். ஆனால் கடைக்காரனுக்கு ஆடத் தெரியாது, முதல் கட்டத்திலேயே செத்துவிடுவான். ஆள் இல்லாத நேரத்தில் ஒரு கேசட்டைச் செருகி, பொம்மையை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, பின்னால் வருகிற பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஊரே அவனைப் பைத்தியம் என்றது. நானும் சொன்னேன். செல்போன் வந்ததும் கேம் கடை படுத்துவிட்டது. பாட்டுகளை மட்டும் தேடிப் பிடித்துக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்துக்கொண்டான். கேசட்டுகளில் சரியான பெயர் இருக்காது. ஒவ்வொரு பாட்டுக்கும் அவனே பெயர் வைத்துக்கொண்டான்.

மெஷினைத் திறந்து பார்த்தான்.

"நல்லாதான் கீது நைனா."

"அப்ப இன்னாத்துக்கு ஒண்ணும் புரியல?"

அவன் ஸ்பீக்கரில் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டான். நான் ஆயிரம் தரம் கேட்ட பாட்டு. மேஜையில் தாளம் போட்டுக்கொண்டே கூடப் பாடினேன். "பாத்தியா? சுத்தமா கேக்குது. யாரு காது இது" என்றேன்.

"பாட்ட நிறுத்தி ரொம்ப நேரமாச்சு நைனா. நீ மட்டும்தான் பாடிக்கினு கீற."

என் கை மேஜையிலேயே நின்றுவிட்டது. உள்ளே இருந்த அவன் மனைவி சாய்ரா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

"தெரிஞ்ச பாட்டுன்னா மனசே பாடிக்கும், காது சும்மா கெடக்கும்" என்றான் ஆசாத். "ஒனக்குத் தெரியாத பாட்டு வேணும். என்கிட்ட கீறது இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. டெய்லி காலைல வா."

போனேன். பழைய கேம் பெட்டிக்கு ஒரே நேரத்தில் நாலைந்து சத்தத்துக்கு மேல் எழுப்பத் தெரியாதாம். அந்த நாலையும் கம்ப்யூட்டரில் தனித்தனியாகத் திறக்கலாம், மூடலாம். முதல் நாள் 'தண்ணித்தொட்டி' போட்டான். கேமில் ஒருவன் நீர் நிறைந்த சுரங்கத்தில் நடந்து போகிற இடமாம். முதலில் அடிச்சத்தம் மட்டும், ஈர மண்ணில் கால் வைப்பது மாதிரி. அதன்மேல் படியேறுவதுபோல் இன்னொன்று. இரண்டாவதைத் திறக்கும்போது நான் விரலைத் தூக்க வேண்டும். நாலாவது தரமே சரியாகத் தூக்கினேன்.

ஆசாத் ஒரு துண்டை எடுத்துத் தன் கையை மூடிக்கொண்டான். "காத வச்சிக் கேளு நைனா. என் கைய ஏன் பாக்கற?"

துண்டு வந்த பிறகு பத்துக்கு ஒன்றுகூடச் சரியாக வரவில்லை.

"நைனா வெரல் தூக்கறதப் பாத்தா ஏலம் எடுக்க வந்த மாதிரி கீது" என்று சாய்ரா டீயை வைத்தாள்.

"எடுத்துட்டுத்தான் போவேன்" என்றேன்.

கார்த்திகை, மார்கழி என்று விடாமல் போனேன். 'சாமான் கடை' என்று ஒரு பாட்டு. கேமில் கத்தி வாங்க நிற்கும்போது வருமாம். வாங்கினதும் எல்லாரும் ஓடிவிடுவார்கள், அதனால் அதை யாரும் முழுசாகக் கேட்டதில்லையாம். அதில் மூன்று இழையைப் பிரித்துவிட்டேன். பிறகு கடைக் கதவைத் திறந்து வைத்து, பஜார் சத்தத்தோடு கேட்கச் சொன்னான். கடைசியில் மில்லுக்கே வந்து மெஷின் ஓடும் சத்தத்தைச் செல்லில் பதிந்துகொண்டு போய், அதற்கடியில் ஒரு பாட்டைப் புதைத்து வைத்தான். ஆறு நாள் வெறும் மில்தான் கேட்டது. ஏழாம் நாள், பெல்ட் சத்தத்துக்குக் கீழே, மெல்ல இறங்கி இறங்கி ஒரு ராகம் வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. நான் விரலைத் தூக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா பாட்டு இது ஆசாத்து?"

"'தோத்தவன் வூட்டுக்குப் போறான்.' ஆட்டம் தோத்துட்டா வரும். நல்லா ஆடறவன் எவனும் இதக் கேட்டதில்ல. நான் தோத்துக்கினே இருந்தேன், எனக்குக் கெடச்சிது."

எழுபது வருடத்தில் தோற்றதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்தப் பாட்டை இன்னொரு தரம் போடச் சொன்னேன்.

தை பிறந்து சம்பா நெல் வந்தது. ஆசாத்தையும் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன். சலிக்கும் மெஷினின் சின்ன மோட்டார் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. செங்கேணி பெட்டியைத் திறந்துவிட்டாள். சாவியைக் கொடுக்கவில்லை. "நான் சொன்னாத்தான் போடணும்" என்று எனக்குப் பின்னால், பெல்ட் பக்கம் போனாள். அங்கே அவளோடு வேலை செய்யும் மலர்க்கொடி நெல் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் முதுகைக் காட்டியபடி பட்டன்மேல் கையை வைத்து நின்றேன்.  இதிலும் தவறினால் இனி மில் பக்கம் வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

பின்னால் மோட்டார் சத்தம், நெல் கொட்டும் சத்தம். அதற்கடியில் மூன்றாவது இழையாக ஒரு குரல்.

"கெழவன் நடிக்கறான் பாரு மலரு. ஒண்ணும் கேக்காது."

"கெழவன் நடிக்கல செங்கேணி" என்றேன் திரும்பாமலே.

 பிறகு மலர்க்கொடி சிரித்த சிரிப்பில் முறமே கீழே விழுந்தது. அதுவும் கேட்டது. என் பக்கத்துத் தகர மூடிமேல் 'டங்' என்று ஏதோ வந்து விழுந்தது. பார்க்காமலே தெரிந்தது, சாவி.  வாசலில் ஆசாத் தலைமேல் தவிட்டுத் தூசியோடு நின்று, ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான்.

"இன்னா மொதலாளி நிக்கற? போடு" என்றாள் செங்கேணி.

"மொதல்ல சொல்லு. ஒன் கை எங்க கீது?"

"ரெண்டும் என் இடுப்புல கீது. போடு."

அதைக் கேட்ட பிறகுதான் அழுத்தினேன்.