முனியாண்டி வளைவில் யாரும் இறங்க வேண்டாம்

என் வீட்டு முன்கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளாமலிருக்க அதன் அடியில் ஒரு கட்டையைச் செருகி வைத்திருக்கிறேன். சவுக்கு மரத்தில் ஆப்பு மாதிரிச் செதுக்கியது. ஒரு பக்கம் டயர் உரசி உரசிக் கறுத்துப்போயிருக்கிறது, மறுபக்கம் பலபேர் கைபட்டு வழவழவென்றிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் காலால் அதை ஒதுக்கிவிட்டு உள்ளே வருவார்கள். ஒதுக்கட்டும், அந்த மரியாதை அதற்குப் போதும். அது என் அத்தையின் காரில் பல வருஷம் பயணம் செய்த கட்டை. நானே அதை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன், சேலையெல்லாம் சேறாக.

நோர்வூட் பஜாரிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்குக்கு, அதாவது உச்சியிலுள்ள தொழிலாளர் லயங்களுக்கு, போகிற பாதையில் முனியாண்டி வளைவு என்று ஒன்றுண்டு. ஒரு கல்லுச்சாமி, ஒரு சூலம், அதற்குப் பக்கத்தில் வண்டிகளின் உயிரை வாங்குகிற ஏற்றம். அத்தையின் கார் அங்கே வந்ததும் மூச்சு வாங்கும். உடனே இடது கதவோரம் இருப்பவர் கட்டையோடு குதித்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். மற்றவர்கள் இறங்கி ஏற்றத்தில் நடக்க வேண்டும். கார் மட்டும் காலியாக உறுமிக்கொண்டு மேலே போய் நிற்கும். இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. இறங்குவதற்கு முன்பே சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் இறங்கி நடக்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தை எனக்குத் தொற்றவைத்தவள் அத்தை.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா அந்தப் பழைய பெட்ரோல் காரை ஹயருக்கு, வாடகை வண்டியாக, ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். போகும்போது காரை விற்றுவிடச் சொன்னார். அத்தை விற்கவில்லை. கொழுந்துக் கூடையை ஆணியில் மாட்டிவிட்டு, காரை ஓட்டப் பழகினாள். லைசன் எடுத்த அன்று சாரதி ஆசனத்தில் தலையணை போட்டு உட்கார்ந்து பஜார் முழுக்க இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள் என்று சொல்வார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தபோது தினமும் அந்தக் காரில்தான் போய்வந்தேன். கதவோரம் என் இடம், கட்டை என் பொறுப்பு. மாமா போனில் கூப்பிடும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்: “அந்த டப்பாவ வித்துத் தொலையேன்.” அத்தையும் ஒரே பதில்தான் சொல்வாள்: “டப்பாவா இருந்தா வாங்குறவன் எதுக்கு வாங்குறான்? நானே ஓட்டிக்கிறேன்.”

ஒருநாள் மழையில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை அத்தை கூட்டிவந்தாள். காரில் அவளுடைய தாய், புருஷன், மூட்டை முடிச்சுகள், நான். முனியாண்டி வளைவில் வழக்கம்போல வண்டி திணறியது. நான் குதித்துக் கட்டையை வைத்தேன். நாங்கள் எல்லாரும் இறங்கியும் பத்தவில்லை, வண்டி பின்னால் நழுவப் பார்த்தது. அந்தப் பெண் யாரும் சொல்லாமலே கதவைத் திறந்து, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தாய் பிள்ளையைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு முன்னால் நடக்க, அவள் பின்னால் ஒவ்வொரு அடியாக மழையில் ஏறினாள். மேலே வந்து மறுபடி உட்கார்ந்தபோது, “பரவால்லக்கா” என்றாள். அந்தப் ‘பரவால்ல’யை அத்தையால் தாங்க முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, “இனிமே அந்த வளைவுல யாரும் எறங்க மாட்டாங்க. எறங்கணும்னா காரையே ஓட்ட மாட்டேன்” என்றாள். அத்தை சும்மா சொல்லுகிறவளில்லை.

மறுநாளே பஜாரிலிருந்த கராஜ் பாஸிடம் போனாள். எங்கள் பக்கம் மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல கைக்காரர், ஆனால் மலைநாட்டுக் கராஜ்கள் எல்லாவற்றுக்கும் இருந்த ஒரே வைத்தியம்தான் அவரிடமும் இருந்தது. வண்டி இழுக்கவில்லையா, காபரேட்டரில் பெட்ரோல் போகிற ஜெட்டின் துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கு. பெட்ரோல் கூடுதலாகப் போனால் பலம் கூடுதலாக வரும் என்பது கணக்கு. வருஷத்துக்கொருமுறை புகைச் சோதனை வரும்போது மட்டும், குடையாத பழைய ஜெட்டை மாட்டிக்கொண்டு, சோதனை நடக்கிற ஹட்டன் டவுனுக்குப் போவார்கள். சோதனையில் தேறியதும் கராஜுக்கு வந்து மறுபடி பெரிய துளை ஜெட். எங்கள் பக்கத்து வண்டிகள் பலவற்றின் டேஷ்போர்டில், கடதாசியில் சுற்றிய ஒரு ‘டெஸ்ட் ஜெட்’ சாமி பிரசாதம் மாதிரிப் பத்திரமாக இருக்கும். அதைத் தப்பென்று சொன்னால் சிரிப்பார்கள்.

பாஸ் துளையை இன்னும் கொஞ்சம் குடைந்துகொடுத்தார். வளைவில் ஒன்றும் மாறவில்லை. பின்னால் கறுப்புப் புகைதான் கூடியது. பாதையோரம் கொழுந்து எடுக்கிற பெண்கள் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், “என்னக்கா, எங்களுக்கும் சேத்து சாம்பிராணி போடுறீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். அத்தைக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதற்குள் தோட்டத்து ஆபீஸிலிருந்து தகவல் வந்துவிட்டது: புகை கக்குகிற வண்டி பேக்டரிப் பாதையில் வரக்கூடாது, தேயிலை வாங்குகிறவர்கள் வந்துபோகிற இடம். எங்கள் மேல்கணக்குக்கு வேறு பாதை கிடையாது. சொல்லவந்த, ஆபீஸில் கணக்கெழுதுகிற கிளாக்கர் ஐயாவிடம் அத்தை கேட்டாள்: “பேக்டரிப் பொகைக்கூண்டுக்கு இந்த ஆடரு உண்டுங்களா, இல்ல எங்களுக்கு மட்டுந்தானா?” அவர் குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் புகைச் சோதனையும் வந்தது. டெஸ்ட் ஜெட்டைப் போட்டுக்கொண்டு ஹட்டனுக்குப் போனோம். சோதனை செய்கிற தம்பி பைப்புக்குள் கம்பியைச் செருகி, கம்ப்யூட்டரைப் பார்த்து, சிங்களத்தில் “ஹரி” என்றான். சரி, தேறிவிட்டது. திரும்பி நோர்வூட்டுக்கு வந்தால் கராஜ் பூட்டு. பாஸ் வலப்பனையில் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெரிய ஜெட் அவருடைய மேசைக்குள்ளே. பஜாரில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். “இந்தச் சின்ன ஜெட்டோட எங்க ஏறப்போகுது, பாதி வழியிலேயே படுத்துக்கும்” என்று திட்டிக்கொண்டே அத்தை எல்லாரையும் ஏற்றினாள்.

வளைவு வருமுன்பே நான் கதவைத் திறந்து தயாராக இருந்தேன். கார் திணறுகிற இடம் வந்தது. திணறவில்லை. சாமிக் கல்லைத் தாண்டியது. அதையும் தாண்டி, மழைத்தண்ணீர் ஓடுகிற கானோரத்து மேட்டில் போய்த்தான் நின்றது. அந்த இடத்தில் அது நின்று நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் பழக்கதோஷத்தில் இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, அத்தை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, “என்னடி இது? பட்டினி போட்டா ஓடுது?” என்றாள்.

மறுநாள் திரும்பிவந்த பாஸ் நம்பவில்லை. “நேத்து காத்து குளுந்திருக்கும்க்கா. அதுல ஓடியிருக்கும். சின்ன ஜெட்டுல மல ஏறாது.”

“அப்ப நீங்களும் வந்து உக்காருங்க. உங்க கனத்தையும் சேத்து ஏத்திக் காட்டுறேன்.”

அவர் வந்தார், பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். ஆனால் அத்தை மூடவில்லை. வரும் வழியெல்லாம் அவரோடு சண்டைதான். “அடுப்புல வெறகத் திணிச்சுக்கிட்டே இருந்தா எரியுமா பாஸ்? பொகையத்தான் செய்யும். ஊதுறதுக்குக் காத்து வேணும். மேல ஏற ஏற நமக்கே மூச்சு வாங்குது, வண்டிக்கு வாங்காதா?” பாஸ் கடைசியில் ஒப்புக்கொண்டார். “கொழும்புக் காத்துக்கு அளந்து வச்ச ஜெட்டுக்கா இது. இங்க காத்து கம்மி. இதுவே கூடுதல். நாங்க அதப் போயி இன்னும் கொடஞ்சோம்.” அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. பாவம், தொழில் படித்த நாளிலிருந்து குடைந்துகொண்டிருந்த மனிதர்.

அதற்குப் பிறகு அவருக்கும் வெறி பிடித்துவிட்டது. அத்தை ஒரு நிபந்தனைதான் போட்டாள். “சட்டத்துக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணுன்னு இனிமே என் வண்டியில ரெண்டு ஜெட் கெடயாது. எது ஹட்டன்ல தேறுதோ, அதுதான் முனியாண்டி வளைவுலயும் ஏறணும்.” பாஸ் கொழும்பிலிருந்து இன்னும் ஒரு நம்பர் சின்னதாக ஜெட் எடுப்பித்தார். தூசி அடைத்துக் கிடந்த எயார் பில்டரை வீசிவிட்டுப் புதிது போட்டார். வால்வு இடைவெளியைச் சரிபார்த்தார், பிளக்கில் பொறி விழுகிற நேரத்தை மெல்லிய காற்றுக்குத் தக்கபடி ஒரு இழை முன்னால் தள்ளினார். உள்ளே துருப்பிடித்து இடிந்து பாதி அடைத்திருந்த சைலன்சரையும் மாற்றினார். இஞ்சினுக்குள் புதிதாக ஒரு சாமானும் நுழையவில்லை. அதனிடம் இருந்த பலத்தை நாங்களே இத்தனை வருஷம் கழுத்தை நெரித்து வைத்திருந்திருக்கிறோம். எனக்கு அது வெறும் வண்டிச் சமாசாரமாகத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

வேலை முடிந்ததும் அத்தை முதலில் ஹட்டனுக்குத்தான் விட்டாள். சான்றிதழ் கையில் இருந்தும், இன்னொருமுறை சோதிக்கச் சொல்லி அந்தத் தம்பியிடம் நின்றாள். அவன் பைத்தியம் என்று நினைத்திருப்பான். போன தடவையைவிடச் சுத்தமாக இருக்கிறது என்றான். அத்தை கேட்டுத் தலையாட்டிவிட்டு நேரே நோர்வூட்டுக்கு வந்து, வேண்டுமென்றே காரை நிறைத்தாள். அன்று கிளினிக்குக்கு வந்திருந்த, மழையில் இறங்கி நடந்த அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் தேடிப் பிடித்து முன்னாசனத்தில் உட்காரவைத்தாள்.

வளைவு வந்தது. அந்தப் பெண் பிள்ளையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மற்றக் கையால் கதவைத் தொட்டாள். நானும் கட்டையைத் தூக்கினேன். “ஒருத்தரும் எறங்கக்கூடாது” என்றாள் அத்தை. “கதவச் சாத்து. கட்டையக் கீழ வையி.” இரண்டாம் கியர். வண்டி வேகமாகப் போனது என்று பொய் சொல்ல மாட்டேன். மெதுவாக, ஒரே சீராக, எங்கள் அத்தனைபேரையும் சுமந்துகொண்டு ஏறியது. கல்லுச்சாமி போயிற்று, கானோரம் போயிற்று, மேடு முடிந்தது. அந்தப் பெண் கதவிலிருந்து கையை எடுத்துப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன்.

அத்தை அதோடு விட்டாளா? ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் இறங்கினாள். தோளில் கிடந்த வெள்ளைத் துவாயைப் பின்னாலுள்ள புகைப் பைப்பின் வாயில் பிடித்து, என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னாள். மிதித்தேன். துவாயைக் கொண்டுபோய்க் கிளாக்கர் ஐயாவின் மேசைக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். கொஞ்சம் ஈரம், ஓரத்தில் லேசாக ஒரு மங்கல், அவ்வளவுதான். “ஐயா, பேக்டரிக் கூண்டுலயும் இதே தொவாயக் கட்டிப் பாக்கலாங்களா?” என்று மரியாதையாகத்தான் கேட்டாள். “சரி சரி, போங்கம்மா” என்றார் அவர். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் எங்களை யாரும் மறிக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அத்தை போய்ச் சேர்ந்தாள். மாமா அழுது முடித்ததும், காரை விற்கலாமா என்று என்னிடம் கேட்டார். பழக்கம் விடவில்லை மனுஷனுக்கு. நான்தான் இப்போது ஓட்டுகிறேன், பள்ளிக்கூட நாட்களில் என் வேலைக்கு, மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிக்கு யாருக்காவது. வாகன இறக்குமதி நின்றிருந்த வருஷங்களில் இதைக் கேட்டு வந்தவர்கள் கொஞ்சப்பேரில்லை. முடியாது என்றேன். எவ்வளவு தருவீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பாதை இன்னும் அதே பாதைதான், செப்பனிடுவதாகச் சொன்னவர்கள் எல்லாரும் தேர்தலோடு போய்விட்டார்கள். சுமை ஏற்றிய ஓட்டோக்கள் இன்றும் அந்த வளைவில் ஆட்களை இறக்கிவிடுகின்றன. எங்கள் ஆட்கள் இன்றும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

கட்டையைக் காரில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பலபேர் புத்தி சொல்லிவிட்டார்கள். மலைப்பாதை, எதற்கும் இருக்கட்டும் என்று. அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் வைக்கமாட்டேன். கட்டை இருந்தால் இறங்குகிற நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அது என் கதவடியில் கிடக்கட்டும்.

போன கிழமை காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தேன். அவருடைய மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு அரிசி மூட்டை. முனியாண்டி வளைவு வந்ததும் அந்த மனிதர் ஊன்றுகோலை எடுத்துக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

“எறங்கிக்கவா டீச்சர்?”

“ஒக்காருங்கண்ணே. கதவச் சாத்துங்க” என்று சொல்லிவிட்டு இரண்டாம் கியரைப் போட்டேன்.